மெல்போர்னை வென்ற எறும்புகள்!

சின்னத் தீவின் கூடைப்பந்துக் கோஷ்டி சாம்பியன் ஆன கதை

ஆஸ்திரேலியா ஒரு பெரிய கண்டம். அதன் தெற்கே, கடலுக்கு அப்பால், ஒரு சின்னத் தீவு இருக்கிறது. அதன் பெயர் டாஸ்மேனியா. அதுவும் ஆஸ்திரேலியாவின் ஒரு மாநிலம்தான். ஆனால், ஆஸ்திரேலியாவின் படத்தை வரைகிறவர்கள் பல சமயம் இந்தத் தீவை வரைய மறந்து விடுகிறார்கள்.

1982-ம் ஆண்டு பிரிஸ்பேன் நகரில் காமன்வெல்த் விளையாட்டு விழா நடந்தது. தொடக்க விழாவில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, ஆஸ்திரேலியா தேசத்தின் உருவத்தை அமைத்துக் காட்டினார்கள். அதில் டாஸ்மேனியா இல்லை! தீவு மக்கள் இதை வெகுகாலம் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டுக் கொண்டார்கள்.

அந்தத் தீவின் கூடைப்பந்துக் கோஷ்டி, 2024-ம் ஆண்டு மார்ச் மாதம் 31-ந் தேதி, மெல்போர்ன் நகரின் பலம் வாய்ந்த கோஷ்டியை அதன் சொந்த ஊரிலேயே தோற்கடித்தது. தேசிய கூடைப்பந்து லீகின் சாம்பியன் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. வித்தியாசம் இரண்டே இரண்டு புள்ளி. 83-க்கு 81.

மெல்போர்ன் நகரில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். டாஸ்மேனியா தீவு முழுவதும் கூட்டிப் பார்த்தாலும் ஜனத்தொகை 5 லட்சத்து 70 ஆயிரம் அளவுதான்.

இந்த வெற்றிக்கு எட்டு நாள் முன்புதான் தீவில் சட்டசபைத் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலிலும் ஒரு விளையாட்டு ஸ்டேடியம் பெரிய சண்டையைக் கிளப்பியது. ஆகவே, இந்தக் கோஷ்டியின் கதையைக் கேட்டால், ஒரு சின்ன மாநிலம் விளையாட்டுக்கு எவ்வளவு பணம் போடலாம் என்ற வழக்கும் கூடவே வந்து விடுகிறது.

எறும்பின் பெயர்

கோஷ்டியின் பெயர் "ஜாக் ஜம்பர்ஸ்". ஜாக் ஜம்பர் என்பது ஓர் எறும்பு. டாஸ்மேனியாவில் இது ஏராளம். உடம்பு கறுப்பாக இருக்கும். கால்கள் மஞ்சளாக இருக்கும். நீளம் சுமார் அரை அங்குலம். மற்ற எறும்புகளைப் போல ஊர்ந்து போகாமல், துள்ளித் துள்ளிப் போகும்.

எறும்புதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. இதன் வால் பக்கம் விஷக் கொடுக்கு இருக்கிறது. அந்தத் தீவில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இதன் விஷம் ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்களைக் கொட்டினால் மூச்சுத் திணறும். இரத்த அழுத்தம் இறங்கி விடும். உயிருக்கே ஆபத்து வரலாம். இதற்காக ஹோபார்ட் நகரின் அரசாங்க ஆஸ்பத்திரியில் தனிச் சிகிச்சை நடக்கிறது. எறும்பின் விஷத்தையே மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் ஏற்றி, உடம்பைப் பழக்குகிறார்கள்.

சிங்கம், புலி, கழுகு என்று பெயர் வைத்துக்கொள்ளும் விளையாட்டு உலகத்தில், எறும்பின் பெயரை வைத்துக்கொண்டார்கள். முதலில் சிலர் சிரித்தார்கள். "உருவத்தில் சிறிது, கொட்டினால் வலிக்கும்" என்பதுதான் பொருள் என்று தெரிந்ததும் தீவு மக்களுக்குப் பெயர் பிடித்துப் போயிற்று.

இருபத்தைந்து ஆண்டு வனவாசம்

டாஸ்மேனியாவுக்குக் கூடைப்பந்து புதிது அல்ல. ஆஸ்திரேலியாவின் தேசிய லீக் 1979-ல் தொடங்கியது. 1981-ல் சாம்பியன் ஆனது எந்த ஊர் தெரியுமா? டாஸ்மேனியாவின் வடக்கே இருக்கும் லான்செஸ்டன் நகரம்! ஆனால், அந்தக் கோஷ்டி அடுத்த ஆண்டோடு லீகை விட்டே போய் விட்டது. பிறகு தெற்கே ஹோபார்ட் நகரக் கோஷ்டி ஆடியது. அதுவும் 1996-ல் மூடப்பட்டது. பெரிய நகரங்களோடு போட்டி போடப் பணம் வேண்டும். சின்ன ஊரில் அவ்வளவு பணம் ஏது?

அதன் பிறகு 25 ஆண்டுகள் தீவுக்குக் கோஷ்டி கிடையாது.

2020-ல் நிலைமை மாறியது. லீகின் சொந்தக்காரர் லாரி கெஸ்டல்மேன் என்ற தொழில் அதிபர். டாஸ்மேனியாவில் கோஷ்டி அமைக்க அவரும் மாநில அரசாங்கமும் பேசி முடித்தார்கள். ஹோபார்ட்டை ஒட்டிய கிளெனோர்க்கியில் டெர்வெண்ட் நதிக் கரையில் ஒரு பழைய அரங்கம் இருந்தது. நகரசபையிடமிருந்து அதை அரசாங்கம் வாங்கியது. 6 கோடி டாலருக்கு மேல் செலவு செய்து புதுப்பித்தது. கோஷ்டியை லீகே நடத்தியது.

"ஒரு பந்து விளையாட்டுக்கு இவ்வளவு பணமா?" என்று அப்போதும் கேட்டவர்கள் உண்டு. ஆனால், அந்த அரங்கத்தில் ஆட்டம் இல்லாத நாட்களில் பாட்டுக் கச்சேரி நடத்தலாம், கூட்டம் போடலாம். கட்டிடமும் ஏற்கெனவே இருந்தது. அதனால் எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பவில்லை.

கழித்து விட்டவர்களைக் கூட்டிச் சேர்த்தவர்

கோஷ்டிக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஸ்காட் ராத். அமெரிக்கர். அந்த நாட்டின் பெரிய லீகில் ஆடியவர். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரக் கோஷ்டிக்கு உதவிப் பயிற்சியாளராக இருந்தவர்.

அவரிடம் பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் இல்லை. மற்றக் கோஷ்டிகளில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவர்களையும், காயம் பட்டு ஒதுக்கப்பட்டவர்களையும் சேர்த்தார். ஜாக் மக்வே என்ற இளைஞர் அடிலெய்டு கோஷ்டியில் இருந்தார். உயரம் 6 அடி 8 அங்குலம். ஆனால், அங்கே அவருக்கு ஆடச் சந்தர்ப்பம் அதிகம் கிடைக்கவில்லை. ராத் அவரைத் தீவுக்கு அழைத்து வந்தார். இவரைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

கோஷ்டியின் முழக்கம், "தீவைக் காப்போம்" என்பது. கேட்பதற்கு யுத்த காலத்துக் கோஷம் போல இருக்கும். ராத் இதை உண்மையாகவே எடுத்துக்கொண்டார். எதிரியைக் கூடைப் பக்கம் நெருங்க விடாமல் தடுப்பதுதான் அவர் போட்ட அடிப்படைப் பாடம். பந்து போடும் திறமை ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. தடுக்கிற உழைப்பு தினமும் கைவசம் இருக்கும்.

2021-22-ல் முதல் பருவம். புதுக் கோஷ்டி கடைசி இடத்துக்குத்தான் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரை இறுதியில், முந்திய ஆண்டின் சாம்பியனான மெல்போர்னை வென்று இறுதிக்கே போய் விட்டது! இறுதியில் சிட்னியிடம் மூன்று ஆட்டமும் தோற்றது. இரண்டாவது பருவத்தில் அரை இறுதியில் நியூஜிலாந்துக் கோஷ்டியிடம் தோற்றது.

மூன்றாவது பருவம்தான் 2023-24.

ஆட்டம் எப்படி?

கூடைப்பந்து பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பத்து அடி உயரத்தில் இரும்பு வளையம். பந்தை அதில் போட்டால் 2 புள்ளி. தரையில் வளைவாக ஒரு கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டுக்கு வெளியே தூரத்திலிருந்து போட்டால் 3 புள்ளி. எதிரி தப்பாட்டம் ஆடியதற்காகக் கிடைக்கும் எறிக்கு 1 புள்ளி. பத்துப் பத்து நிமிஷமாக நான்கு கட்டம்.

லீகில் பத்துக் கோஷ்டிகள். அதில் ஒன்று நியூஜிலாந்தைச் சேர்ந்தது. 2023-24-ல் ஒவ்வொரு கோஷ்டியும் 28 ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. முதல் ஆறு இடம் பெறுகிறவர்கள் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அரை இறுதியில் மூன்றுக்கு இரண்டு வெல்ல வேண்டும். இறுதியில் ஐந்துக்கு மூன்று.

சம்பளத்துக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பைத் தாண்டிச் செலவு செய்கிற கோஷ்டி, தனியாக ஒரு தொகை கட்ட வேண்டும். பணக்கார ஊர் ஒன்றே எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க இந்த ஏற்பாடு. இது இல்லாவிட்டால் டாஸ்மேனியா இறுதிப் பக்கமே எட்டிப் பார்த்திருக்காது.

மூன்றாம் இடத்திலிருந்து

பருவம் 2023 செப்டம்பர் கடைசியில் தொடங்கியது. 28 ஆட்டத்தில் மெல்போர்ன் 20 வென்று முதல் இடம் பிடித்தது. பெர்த் 17 வென்றது. டாஸ்மேனியா 16 வென்று மூன்றாவதாக வந்தது. தோல்வி 12. சாம்பியன் ஆகப் போகிறவர்களின் கணக்கு என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அந்த ஆண்டு கோஷ்டியில் ஒரு விசித்திரமான ஆள் இருந்தார். பெயர் ஜோர்டன் கிராபோர்டு. அமெரிக்கர். உயரம் ஐந்தரை அடி! சுற்றிலும் ஏழு அடி ஆட்கள் நிற்க, அவர்கள் கைக்குக் கீழே நுழைந்து போய்ப் பந்தைப் போட்டு விட்டு வருவார். ஊருக்கு வந்த வெளியார் என்றாலும், எறும்புப் பெயருக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இன்னோர் அமெரிக்கர் மில்டன் டாயில். 

அரை இறுதியில் எதிரி பெர்த். அப்போது அங்கே பிரைஸ் காட்டன் இருந்தார். லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் பரிசை அந்த ஆண்டு நான்காவது முறையாகப் பெற்றவர். ஆளுக்கு ஓர் ஆட்டம் வென்றார்கள். மூன்றாவது ஆட்டம் பெர்த் நகரில். டாஸ்மேனியா அங்கே போய் ஜெயித்தது.

இறுதியில் மெல்போர்ன்.

அந்த ஒரு எறி!

முதல் ஆட்டம் மெல்போர்னில் நடந்தது. டாஸ்மேனியாவுக்கு 23 புள்ளி வித்தியாசத்தில் பலத்த அடி. 104-81. "இத்தோடு சரி" என்று பலர் எழுதி விட்டார்கள். இரண்டாவது ஆட்டம் தீவில். டாஸ்மேனியா 82-77 என்று பிழைத்தது.

மூன்றாவது ஆட்டம் மறுபடி மெல்போர்னில். கடைசிச் சில விநாடிகள். மெல்போர்ன் 91, டாஸ்மேனியா 90. உள்ளூர் ரசிகர்கள் எழுந்து நின்று விட்டார்கள். அரங்கமே அதிர்ந்தது. பந்து ஜாக் மக்வே கைக்கு வந்தது. கூடைக்குப் பக்கத்தில் போக நேரம் இல்லை. நடுக்கோட்டை ஒட்டி நின்றபடியே, எதிரிகள் கையை நீட்டி மறைக்க, பந்தை வீசினார்.

பந்து வளையத்துக்குள் விழுந்தது. 3 புள்ளி!

93-91. ஆயிரக்கணக்கான பேர் கூடியிருந்த அரங்கம் வாயடைத்துப் போயிற்று. கடலுக்கு அப்பால், தீவின் வீடுகளில் டெலிவிஷன் முன்னால் இருந்தவர்கள் போட்ட கூச்சலைச் சொல்லவே வேண்டாம். ஆண்டுக்கணக்கில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒருவர் கையிலிருந்து புறப்பட்ட பந்து அது!

அதிர்ஷ்டம் என்று சொன்னவர்களும் உண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து போடுவது பெரும்பாலும் அதிர்ஷ்டம்தான். ஆனால், 23 புள்ளியில் தோற்ற கோஷ்டி, ஒரே புள்ளி பின்னால் நிற்கும்படி அந்தக் கடைசி விநாடி வரை இழுத்து வந்தது அதிர்ஷ்டம் ஆகாது.

நான்காவது ஆட்டத்தில் கதை திரும்பியது. தீவிலேயே, சொந்த ரசிகர்கள் முன்னிலையில், டாஸ்மேனியா 86-88 என்று தோற்றது. அன்று வென்றிருந்தால் பட்டம் வீட்டிலேயே கிடைத்திருக்கும். ஆளுக்கு இரண்டு ஆட்டம் ஆயிற்று. மார்ச் 31-ல் ஐந்தாவது ஆட்டம். அன்று புள்ளி குவித்தவர் அந்த ஐந்தரை அடி கிராபோர்டு. முடிவு 83-81. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற பரிசு மக்வேக்குக் கிடைத்தது.

ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ஐந்து ஆட்டத்திலும் எடுத்த புள்ளிகளைக் கூட்டினால் மெல்போர்ன் 441. டாஸ்மேனியா 425. அதிகம் எடுத்தவர்கள் தோற்றார்கள். பெரிய தோல்வியும் ஒரு தோல்விதான், சின்ன வெற்றியும் ஒரு வெற்றிதான் என்பது கூடைப்பந்துக் கணக்கு. கடைசி மூன்று ஆட்டங்களிலும் வித்தியாசம் இரண்டிரண்டு புள்ளியே!

ஓட்டும் பந்தும்

இப்போது தேர்தலுக்கு வருவோம்.

ஆஸ்திரேலியாவில் ஜனங்கள் அதிகம் விரும்புவது அவர்களுடைய சொந்தக் கால்பந்து விளையாட்டு. முட்டை வடிவப் பந்தை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஆடுவது. டாஸ்மேனியாவில் பிறந்த எத்தனையோ பேர் அதில் புகழ் பெற்றிருக்கிறார்கள். ஆனால், தீவுக்குச் சொந்தமாக ஒரு கோஷ்டி அந்த லீகில் கிடையாது. வருஷக்கணக்காகக் கேட்டும் கிடைக்கவில்லை.

2023 மே மாதம் 3-ந் தேதி அனுமதி வந்தது. ஆனால், ஒரு நிபந்தனை. ஹோபார்ட் துறைமுகத்தை ஒட்டிய மெக்குவாரி பாயிண்ட் என்ற இடத்தில் 23 ஆயிரம் பேர் உட்காரும், கூரை போட்ட புது ஸ்டேடியம் கட்ட வேண்டும். மதிப்பீடு 71 கோடியே 50 லட்சம் டாலர். இதில் மாநில அரசாங்கம் 37 கோடியே 50 லட்சம். மத்திய அரசாங்கம் 24 கோடி. நிபந்தனை போட்ட லீக் கொடுப்பது எவ்வளவு? ஒன்றரைக் கோடி!

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர் பந்தல் இப்படித்தான் போட வேண்டும் என்று சொன்னது போல இருக்கிறது இது.

தீவில் கொதிப்பு ஏற்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வண்டிகள் நோயாளியை இறக்க முடியாமல் மணிக்கணக்கில் காத்து நின்றன. ஹோபார்ட்டில் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. "இதற்கெல்லாம் இல்லாத பணம் ஸ்டேடியத்துக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். ஆளும் லிபரல் கட்சியின் இரண்டு அங்கத்தினர்கள் கட்சியை விட்டே விலகினார்கள். முதல் மந்திரி ஜெரமி ராக்லிப், காலம் முடிவதற்கு முன்பே தேர்தலுக்குப் போக நேர்ந்தது.

தேர்தல் 2024 மார்ச் 23-ல். கூடைப்பந்து இறுதித் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே! அதற்கு ஐந்து நாள் முன்னால், மார்ச் 18-ல், புதுக் கால்பந்துக் கோஷ்டிக்குப் பெயரும் வர்ணமும் அறிவித்தார்கள். பெயர் "டாஸ்மேனியா டெவில்ஸ்". பத்து டாலர் கொடுத்தால் ஆரம்ப அங்கத்தினர் ஆகலாம் என்றார்கள். சில நாட்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்து விட்டார்கள். பின்னால் அது இரண்டு லட்சத்தையும் தாண்டியது. தீவுக்கு வெளியே இருக்கிறவர்களும் இதில் சேர்ந்திருந்தார்கள் என்றாலும், சாமானியமான எண்ணிக்கை அல்ல.

அப்படியானால் ராக்லிப் கட்சி அமோகமாக ஜெயித்திருக்க வேண்டும் அல்லவா? ஜெயிக்கவில்லை. 35 இடத்தில் அவருக்குக் கிடைத்தது 14. தம் கட்சியைச் சேராத அங்கத்தினர்களின் தயவில்தான் மந்திரி சபை அமைத்தார்.

பத்து டாலர் கொடுத்துக் கோஷ்டியில் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஸ்டேடியத்துக்கு ஓட்டுப் போடவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. கோஷ்டி வேண்டும், அந்தக் கட்டிடம் வேண்டாம் என்று சொன்னவர்கள் ஏராளம். இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டதுதான் லீக் செய்த தந்திரம்.

இரண்டு வழிகள்

கூடைப்பந்துக்கு ஆன செலவைப்போலப் பல மடங்கு இந்த ஸ்டேடியத்துக்கு. கூடைப்பந்துக் காரியத்தில், இருந்த கட்டிடத்தை எடுத்துப் பழுது பார்த்தார்கள். கோஷ்டி உடனே ஆடத் தொடங்கியது. மூன்றாவது பருவத்தில் பட்டமே வந்து விட்டது. கால்பந்துக் காரியத்தில் கட்டிடத்தை முதலில் கேட்டார்கள். கோஷ்டி களம் இறங்குவது 2028-ல் என்றார்கள். செலவும் மதிப்பீட்டோடு நிற்கவில்லை. 94 கோடியே 50 லட்சம் டாலர் ஆகும் என்று அடுத்து ஒரு கணக்கு வந்தது. முதலில் எதிர்த்த தொழிற்கட்சி பிறகு மனம் மாறி ஸ்டேடியத்தை ஆதரித்தது. அப்படியும் அரசியல் அமைதி ஆகவில்லை. 2025 ஜூனில் ராக்லிப் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. கடன் சுமை, கப்பல் வாங்கியதில் குளறுபடி, ஸ்டேடியம் எல்லாம் குற்றச்சாட்டில் இருந்தன. ஜூலையில் மறுபடி தேர்தல். மறுபடி 14 இடம்!

கூடைப்பந்து வெற்றியை ஸ்டேடியக்காரர்கள் தங்கள் பக்கம் இழுத்துப் பேசினார்கள். "பார்த்தீர்களா, தீவுக்குக் கோஷ்டி கிடைத்தால் என்ன ஆகும் என்று!" என்றார்கள். எதிர்ப்பவர்களும் அதே வெற்றியைக் காட்டினார்கள். "பார்த்தீர்களா, புது ஸ்டேடியம் இல்லாமலே சாம்பியன் ஆனோம்" என்றார்கள். இரண்டாவது வாதத்தில்தான் கணக்கு சரியாக வருகிறது. முதல் வாதத்தில் ஆசை இருக்கிறது. ஆசையும் லேசானது அல்ல. படத்தில் விட்டுப் போன ஊரைப் படத்தில் சேர்த்து விட வேண்டும் என்கிற ஆசை அது.

இந்தத் தீவில் வடக்கே ஒரு கட்சி, தெற்கே ஒரு கட்சி. ஹோபார்ட்காரர்கள் படிக்கும் பத்திரிகை வேறு, லான்செஸ்டன்காரர்கள் படிக்கும் பத்திரிகை வேறு. குடிக்கிற பீர் கூட வேறு! எந்தக் காரியத்திலும் சேராத இரண்டு ஊரும் எறும்புக் கோஷ்டிக்குச் சேர்ந்து கை தட்டின. சில ஆட்டங்களை லான்செஸ்டனிலும் வைத்தது நல்ல யோசனை.

பிறகு என்ன ஆயிற்று?

ஜாக் மக்வே அந்த ஆண்டே பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார். பிறகு அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரக் கோஷ்டி அவரை ஒப்பந்தம் செய்தது. அதே ஒலிம்பிக்கில், மஜோக் டெங் என்ற இன்னொரு டாஸ்மேனியக் கோஷ்டிக்காரர் தம்முடைய தாய்நாடான தெற்கு சூடானுக்கு ஆடினார்.

2024 முடிவதற்குள் லீக் இந்தக் கோஷ்டியை ஒரு முதலீட்டுக் கம்பெனிக்கு விற்று விட்டது. ஜனங்களின் வரிப் பணத்தில் புதுப்பித்த அரங்கத்தில் வளர்ந்த கோஷ்டி, நல்ல விலைக்குப் போகும் சரக்கு ஆகி விட்டது. விற்றதில் வந்த லாபம் யாருக்கு என்று யாரும் தேர்தலில் கேட்கவில்லை.

அடுத்த பருவத்தில் எறும்புகள் முதல் ஆறு இடத்துக்குள் வரவில்லை. அந்த ஆண்டுப் பட்டம் இல்லவாரா கோஷ்டிக்குப் போயிற்று.